நின்றால் பச்சை

ஏப்ரல் கடைசி. ஆவோமோரிச் சாலையோரத்தில்
கறுத்த பனி இன்னும் கிடக்கிறது.
பள்ளிவாரியாக, வகுப்புவாரியாக
நான்காயிரத்துச் சொச்சம் குப்பிகள்
சிவப்பு மூடியோடு என் மேசைக்கு வந்திருக்கின்றன.

யாருக்கும் காய்ச்சல் இல்லை, வலி இல்லை.
நேற்று மைதானத்தில் விழுந்து புரண்டவர்கள்தான்.
காலையில் அரைத் தூக்கத்தில்
காகிதக் கோப்பையில் ஒண்ணுக்குப் பிடித்து,
குப்பியில் உறிஞ்சி,
புத்தகப்பையில் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில்
வெதுவெதுப்பாக வைத்து நடந்து வந்தவர்கள்.

பட்டையை முக்குவேன், எடுப்பேன், எண்ணுவேன்.
மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் நல்லது.
பச்சை ஏறினால்
எங்கோ ஒரு சல்லடையில் கண் பெரிதாகி
புரதம் நழுவுகிறது.
இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.
பட்டைக்கு அவ்வளவுதான் தெரியும்.
எனக்கும்.

ஐந்தாம் வகுப்புக் குப்பி ஒன்றில் பார்லித் தேநீர்.
மறந்துபோன பையன், சமையலறை, அவசரம்.
இருபத்திரண்டு வருடத்தில் இது ஏழாவது தேநீர்.
சிரிக்காமல் எழுதினேன்: மறுபடி அனுப்புக.

நான்காம் வகுப்பு, ஹொனாமி.
பச்சை. ஒரு கூட்டல் குறி.
இரண்டாம் முறையும் அதே பச்சை.
கடிதம் போயிருக்கும்.
அந்த அம்மா உறையைக் கிழித்து
"உடனே கவலைப்படத் தேவையில்லை" என்ற வரியைப் படித்து
உடனே கவலைப்பட்டிருப்பாள்.
அந்த வரியை எழுதியவன் நான் இல்லை.
அச்சிடக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

பள்ளி நர்ஸ் நரூமி தொலைபேசியில் கேட்டாள்:
"காலை முதல் நீர் என்றால்
எத்தனை மணி நீர்?"
எழுந்தவுடன் என்றேன்.
"அவள் இரண்டு மணிக்கு எழுகிறாள்."

ஸ்காலப் சிப்பிப் பருவம்.
அம்மா கரைக்கொட்டகையில் தரம் பிரிக்கப் போகிறாள்.
இருட்டு வீட்டில் தனியாகப் படுக்க மாட்டேனென்று
இவளும் ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு பின்னாலேயே.
வேலை கிடையாது. அடுப்பருகே நிற்பாள்.
பெட்டிகளை எண்ணுவாள்.
உட்காரச் சொன்னாலும் நிற்பாள்;
தரையெல்லாம் கடல்.
ஐந்தரைக்கு வீடு. ஆறு மணிக்குக் குப்பி.

சில உடல்கள் அப்படி.
படுத்திருக்கையில் ஒரு துளி நழுவாது.
நிமிர்ந்து நின்றால் கசியும்.
வளர்கிற வயதில் வரும், பெரும்பாலும் போய்விடும்.
நோய் என்று சொல்ல நாக்குக் கூசும்.
ஒரு பிள்ளை அம்மாவுக்காக
மூன்றரை மணி நேரம் நின்றதை
என் மேசையில் பட்டை பச்சையாகப் படித்திருக்கிறது.

மூன்றாம் குப்பி திங்கட்கிழமை வந்தது.
பெயர்ச்சீட்டில் பென்சிலில்,
யாரும் கேட்காமலே, குழந்தைக் கையெழுத்தில்:
"ஞாயிறு. கொட்டகை விடுமுறை.
எழுந்தவுடன். நிற்கவில்லை. தவழ்ந்து போனேன்."

முக்கினேன். எடுத்தேன்.
தேவைக்கு மேலேயே எண்ணினேன்.
மஞ்சள்.

தவழ்ந்து போனவளை நினைத்து
கையுறையோடு சிரித்துக்கொண்டிருந்தேன்.
பக்கத்து இருக்கைத் தோழி திரும்பிப் பார்த்தாள்.

அப்புறம் அடுத்த வரிசை.
வேறு பள்ளி. ஆறாம் வகுப்பு.
இவனுக்கும் இது மூன்றாம் குப்பி.
சீட்டில் ஒன்றும் எழுதவில்லை, பெயர் மட்டும்.
எந்தக் கொட்டகையும் இல்லை, நின்ற கதையும் இல்லை.
கண்முன்னே மஞ்சள் கலங்கி
பச்சை தாண்டி நீலத்துக்குப் போகிறது.

அவன் இப்போது
எந்தப் பந்தின் பின்னால் ஓடுகிறானோ.

மருத்துவமனைப் படிவத்தை எடுத்தேன்.
பெயரை எழுதும்போது
ஒவ்வொரு கோடாக, மெதுவாக எழுதினேன்.